மிச்சமிருந்த ‘லாந்து’

இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டின் வாசலில், பெயின்ட் டப்பாக்களுக்கும் உடைந்த ஜன்னல் சட்டங்களுக்கும் அடியில் அது கிடந்தது. மூடி இல்லை. மேலெல்லாம் சுண்ணாம்புத் தூசி. ரெக்கார்ட் பிளேயர் என்று தெரிந்ததே, ஊசியைத் தாங்கும் அந்தக் கை ஒரு ஓரமாகத் துருத்திக்கொண்டிருந்ததால்தான். “சார், வேணும்னா எடுத்துக்கங்க, ஆனா செம வெயிட்டு” என்றார் வேலை செய்துகொண்டிருந்தவர். வெயிட்டு என்ற அந்தச் சொல்லில்தான் விழுந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த விதத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இசைத்தட்டை மேலே வைத்துச் சுழற்றும் அந்தக் கனமான தட்டைக் கழற்றவில்லை, கையைக் கட்டவில்லை, அப்படியே சாய்த்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தபோது கையின் நுனியில் ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜில் ஊசி இல்லை. முன்பே இல்லையா, வழியில் நான்தான் உடைத்தேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஊசி போகட்டும், இருக்கும் பாகங்களிலேயே சுலபமாக மாற்றக்கூடியது அதுதான். கனமான தட்டை மாட்டியபடியே குலுக்கிக்கொண்டு வருவதில் பேரிங்குக்கு வரும் சேதம்தான் பெரிய விஷயம். ஆகவே யாராவது இதைப் படித்துவிட்டு எங்காவது ஒன்றைத் தூக்கப்போனால், முதல் வேலையாகத் தட்டைத் தனியே எடுத்து ஒரு துணியில் சுற்றுங்கள், கையை ஒரு நூலால் அதன் தாங்கியோடு கட்டுங்கள், கையின் பின்முனையில் அதைச் சமன் செய்யும் எதிர் எடையைக் கழற்ற முடிந்தால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எதிர் எடை தொலைந்த பிளேயர்களை நிறையப் பார்க்கலாம். பார்க்கச் சின்ன உருளைதான். அந்த மாடலுக்கே உரிய எடையும் துளையும் கொண்டதைத் தேடிப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

சரி, இது என்ன பிளேயர்? முன்பக்கம் பெயர்ப்பட்டை இருந்த இடத்தில் இரண்டு சின்னத் துளைகள் மட்டும். அடியில் ஒரு காகித ஸ்டிக்கர், முக்கால்வாசி கிழிந்து, கடைசி நான்கு ஆங்கில எழுத்துகள் மட்டும் மிச்சம்: ‘லாந்து’. எந்த நாட்டில் செய்தது என்று சொல்லும் வரியின் வால் அது. என் மனம் உடனே இங்கிலாந்து என்று முடிவு கட்டிவிட்டது. இங்கிலாந்து, கனம், அப்படியென்றால் அந்நாட்டின் ஸ்விண்டன் ஊரில் கராட் கம்பெனி செய்த 401ஆகத்தான் இருக்க வேண்டும். 1965இல் வந்த, சேகரிப்பவர்கள் இன்றும் அடித்துக்கொள்கிற மாடல். அன்று ராத்திரி ஒரு மணிவரை இணையத்தில் 401 விற்பனைப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பைக்கூடத் துடைக்கவில்லை!

மறுநாள் காலை, பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்தே தலை நரைத்த அண்ணன் ஒருவருக்குப் போன் செய்தேன். நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, தட்டைத் தூக்கிப் பாத்தியா?”

“இல்லண்ணே.”

“அப்ப எதுக்குடா போன் பண்ண?”

வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் எல்லாமே இருக்கிறது. மேலே ஒட்டிய பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டியிருக்கலாம். ரேடியோவும் பிளேயரும் சேர்ந்த மரப்பெட்டி ரேடியோகிராம்களின் முகப்பில் எத்தனையோ கம்பெனிப் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது பெரும்பாலும் பிஎஸ்ஆர் என்ற பிரிட்டிஷ் கம்பெனியோ கராடோ செய்து கொடுத்த, இசைத்தட்டுகளைத் தானே மாற்றிப் போடும் சேஞ்சர்தான். ஒரே பெயருக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. கராட் என்ற பெயரில் 301, 401 போன்ற மலைகளும் இருக்கின்றன, மெல்லிய தகரத்தில் அடித்த மலிவுச் சேஞ்சர்களும் இருக்கின்றன, 1970களின் இறுதியில் கம்பெனி கைமாறிய பிறகு அதே பெயரைத் தாங்கி வந்த சாதாரணப் பிளேயர்களும் இருக்கின்றன. பெயரைப் பார்த்து விலை போடுவது அட்டையைப் பார்த்துப் புத்தகம் வாங்குவதைவிட மோசம், அட்டையிலாவது தலைப்பு சரியாக இருக்கும்.

தட்டுக்குக் கீழே பார்த்தால் அதைச் சுழற்றும் மூன்று முறைகளில் ஒன்று தெரியும். ரப்பர் பெல்ட் ஒன்று மோட்டாரிலிருந்து உள்தட்டைச் சுற்றி ஓடினால் அது பெல்ட் வகை. ரப்பர் விளிம்புள்ள ஒரு சக்கரம் மோட்டார் தண்டுக்கும் தட்டுக்கும் நடுவில் அழுந்தி நின்றால் ஐட்லர். இரண்டும் இல்லாமல் நடுவில் ஒரு காந்தமும் சுருள்களும் மட்டும் இருந்தால், தட்டே மோட்டாரின் பாகம், அதாவது டைரக்ட் டிரைவ். ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்பி-10 வந்த 1970ஐ ஒட்டித்தான் இந்த மூன்றாவது வகை பரவத் தொடங்குகிறது. பிறகு 1972இல் எஸ்எல்-1200. அது டிஜேக்கள் கைக்குப் போய், 2010இல் நின்று, 2016இல் திரும்பி வந்த கதை தனி. ஆகவே டைரக்ட் டிரைவ் என்றால் பெரும்பாலும் 1970க்கு முற்பட்டதல்ல என்று சொல்லிவிடலாம். இன்னொன்று, தட்டை லேசாக அழுத்தினால் கையோடு சேர்ந்து மேலும் கீழும் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறதா? உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். 1961இன் ஏஆர் எக்ஸ்ஏ, பிறகு தோரன்ஸ் டிடி 150, 160, லின் எல்பி12 என்ற மாடல்கள் எல்லாமே தட்டையும் கையையும் ஒரே சட்டத்தில் வைத்து ஸ்பிரிங்கில் தொங்கவிட்டவை. ஆடுவதுதான் அவற்றின் லட்சணம்.

என்னுடையதில் தட்டு சுலபத்தில் வரவில்லை. நடுத்தண்டில் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் விரலைக் கொடுத்து மெல்ல மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்தேன். குளியலறைத் தராசில் வைத்தால் நான்கு கிலோவை ஒட்டி. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. இது நல்ல சோதனை, மலிவான பிளேயர்களில் தட்டு தகடாக இருக்கும், காந்தம் டக்கென்று ஒட்டும். ஆனால் இதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1957இல் வந்த தோரன்ஸ் டிடி 124 என்ற அருமையான பிளேயரில் மேலே மெல்லிய அலுமினியத் தட்டு, கீழே பளுவான வார்ப்பிரும்புத் தட்டு. காந்தம் நன்றாகவே ஒட்டும். ஒட்டியது என்று தூக்கிப் போட்டிருந்தால் அவ்வளவுதான்.

கீழே நான் பார்த்த காட்சிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. மோட்டார் நிமிர்ந்து நிற்கவில்லை, படுத்திருந்தது. அதன் தண்டு நீளமாக, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, கேரட் மாதிரி கூம்பாக இருந்தது. அந்தக் கூம்பின் மேல் ஒரு சின்னச் சக்கரம், படுக்காமல் செங்குத்தாக நின்று, தட்டின் அடிப்புறத்தைத் தொடுகிற மாதிரி. முன்னால் இருந்த குமிழை நகர்த்தினால் சக்கரம் கூம்பின் நீளத்துக்கு முன்னும் பின்னும் போகிறது. தடித்த பக்கம் போனால் வேகம் கூடும், மெலிந்த பக்கம் வந்தால் குறையும். கியர் இல்லை, படி இல்லை, இடைப்பட்ட எந்த வேகத்திலும் நிறுத்தலாம். எவ்வளவு எளிய யோசனை பாருங்கள். தரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் அந்தக் குமிழையே முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

கராட் 401 இப்படி இருக்காது, அதில் ஐட்லர் படுத்த நிலையில் தட்டின் உள் விளிம்பை உரசும். செங்குத்துச் சக்கரமும் கூம்புத் தண்டும் லென்கோவின் அடையாளம். சுவிட்சர்லாந்தில் பர்க்டார்ஃப் என்ற ஊர்க் கம்பெனி. பிரிட்டனில் இதையே கோல்ட்ரிங்-லென்கோ என்று இரட்டைப் பெயரில் விற்றார்கள். கனமான தட்டையும் கையின் அமைப்பையும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் லென்கோவின் எல்75 மாடல் என்று முடிவானது. ஆக அந்த ‘லாந்து’ இங்கிலாந்து இல்லை, சுவிட்சர்லாந்து. இதில் வேடிக்கை, பிலிப்ஸ் செய்ததாக இருந்திருந்தால் ஹாலந்து என்றும் முடிந்திருக்கும். டர்ன்டேபிள் செய்த நாடுகளுக்கெல்லாம் ஒரே வால்.

பெயரே தெரியாத பிளேயரின் வயதைக் கண்டுபிடிக்க வேறு சில தடயங்களும் உண்டு. மேற்கு ஜெர்மனி என்று அச்சிட்டிருந்தால் 1949க்கும் 1990க்கும் நடுவில். வேகக் குமிழில் 78 (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1948க்கு முந்தையது, ஏனென்றால் 33⅓ வேகத்தில் ஓடும் எல்பி வந்தது அந்த வருடம், 45 வந்தது அடுத்த வருடம். 16⅔ என்ற நான்காவது எண் இருந்தால் ஐம்பதுகள், அறுபதுகளின் வாசனை. பின்னால் ஐந்து முனை வட்டப் பிளக் இருந்தால் ஐரோப்பாக்காரன் செய்தது என்று ஊகிக்கலாம். தட்டின் ஓரத்தில் வேகம் பார்க்கும் புள்ளி வரிசை (வேகம் சரியென்றால், மின்சாரத்தோடு துடிக்கும் விளக்கு வெளிச்சத்தில் புள்ளிகள் நிற்பதுபோல் தெரியும்) இருந்தால் எண்ணிப் பாருங்கள், பொறுமை வேண்டும். 33⅓க்கு 180 புள்ளி என்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, 216 என்றால் 60 ஹெர்ட்ஸுக்கு.

இந்த ஹெர்ட்ஸ் சமாசாரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய ஏசி மோட்டார்கள் பெரும்பாலும் மின்சாரத்தின் துடிப்பைப் பார்த்தே ஓடுபவை. 60க்குச் செய்ததை 50இல் போட்டால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, 33⅓ சுற்ற வேண்டியது கிட்டத்தட்ட 27.8 சுற்றும். பாடகி பாடகராகிவிடுவார். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைச் சரிசெய்தாலும் இது மாறாது. மோட்டார் தண்டில் உள்ள பித்தளைப் புல்லியை மாற்ற வேண்டும். சில மாடல்களுக்குக் கிடைக்கும், சிலவற்றுக்குக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்ய வேண்டியதுதான். விலை பேசுமுன் மோட்டார் பட்டையில் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது. என் லென்கோவுக்கு இந்தக் கவலையே இல்லை. கூம்பில் சக்கரத்தைக் கொஞ்சம் நகர்த்தி, குமிழ் நிற்கும் இடத்தை மாற்றி வைத்தால் தீர்ந்தது.

அப்புறம் உடல்நிலை. பிளக்கில் செருகுவதற்கு முன்பே முக்கால்வாசி தெரிந்துவிடும். சக்கரத்தைத் தட்டிலிருந்து விலக்கிவிட்டுக் கையால் தட்டை ஒரு சுழற்று. சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்றி, மெல்ல மெல்லத் தளர்ந்து நிற்க வேண்டும். கரகரப்போ, திடீரென்று நிற்பதோ கூடாது. என்னுடையது நான்கு சுற்றில் நின்றுவிட்டது, நெஞ்சு பக்கென்றது. பிறகு பார்த்தால் பேரிங் தேயவில்லை, ஐம்பது வருடத்து எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது எண்ணெய் இரண்டு சொட்டு விட்டதும் நிற்கவே மாட்டேன் என்றது. அதேபோல ஆட்டோமேட்டிக் பிளேயர்களில் கை தானாக எழும்பவில்லை என்றால் பாதி கேஸ்கள் கெட்டியான கிரீஸ்தான். ‘ஆட்டோமேட்டிக் வேலை செய்யவில்லை’ என்று சொல்லி விலையைக் குறைத்து விற்பவர்களிடம் மறுபேச்சுப் பேசாமல் வாங்கலாம், கிரீஸ் துடைக்கப் பொறுமை இருந்தால்.

ஐட்லர் சக்கரத்தின் ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் இரைச்சல் வரும். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் டொக், டொக். பெல்ட் என்றால் கவலையே வேண்டாம், அது செருப்பு மாதிரி, தேய்ந்தால் புதிது.

கையில்தான் லென்கோவின் வியாதி இருக்கிறது. எல்75இன் கை கத்தி முனைபோன்ற அச்சில் உட்கார்ந்து ஏறி இறங்குவது. அந்த முனை உட்காரும் இடத்தில் இரண்டு குட்டி ரப்பர்க் கட்டைகள், நடுவில் ‘வி’ வடிவப் பள்ளத்தோடு. வயதானால் பொடிந்துவிடும். என்னுடையதில் இரண்டும் பிஸ்கட் தூள். கை தாளம் போட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். தெரியாதவர் பார்த்தால் கை போச்சு, பிளேயர் போச்சு என்பார். தெரிந்தவருக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் இந்த மாடலுக்கு அந்தக் கட்டைகளை இன்றும் ஆர்வலர்கள் செய்து விற்கிறார்கள். ஒரு பழைய பிளேயரின் மதிப்பு அதில் எது உடைந்திருக்கிறது என்பதைவிட, உடைந்தது கிடைக்குமா என்பதில்தான் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது இந்த இரண்டு ரப்பர்த் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான். எல்லாம் பளபளவென்று இருந்து, எங்குமே கிடைக்காத ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் மட்டும் உடைந்த பிளேயருக்கு நான் ஒன்றும் கொடுக்க மாட்டேன்.

மின்சாரம் கொடுக்கும்போது மட்டும் அவசரம் வேண்டாம். வோல்டேஜ் தேர்வுத் திருகு எங்கே நிற்கிறது, வயரின் ரப்பர் வெடித்திருக்கிறதா, சுவிட்சுக்குப் பக்கத்தில் உள்ள கெப்பாசிட்டர் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் ஓட்டினேன். பல்பு பளிச்சென்று முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கலாகவோ எரியாமலோ இருந்தால் தைரியமாக அடுத்த அடி வைக்கலாம். வேகம் பார்க்கக் காகிதத்தில் 180 கோடுள்ள வட்டம் ஒன்றை அச்செடுத்துத் தட்டில் வைத்தேன், கோடுகள் நிற்கவே இல்லை, கலங்கிய குட்டை மாதிரி இருந்தது. அரைமணி நேரம் குமிழோடு மல்லுக்கட்டிய பிறகுதான் விளங்கியது: அறையில் எரிவது எல்இடி. பல எல்இடி விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பதில்லை. பரணில் கிடந்த பழைய சோக் வைத்த டியூப்லைட்டை இறக்கி மாட்டியதும் கோடுகள் அப்படியே நின்றன.

கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதைத் தனியாக மதிப்பிட வேண்டும், சில சமயம் பிளேயரைவிட அது விலை போகும். ஷூர் 2018இல் கார்ட்ரிட்ஜ் செய்வதை நிறுத்திவிட்டார்கள், அதனால் அவர்களுடைய வி15 போன்றவற்றின் பழைய உடல்களுக்கே இன்று மவுசு. ஊசியோடு ஒரு குட்டிக் காந்தம் ஆடும் ‘நகரும் காந்த’ வகை என்றால் பின்னால் உள்ள நான்கு உலோக முனைகளில் சிவப்பு-பச்சை ஜோடியிலும் வெள்ளை-நீலம் ஜோடியிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு, சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஓம்வரை காட்டினால் சுருள்கள் உயிரோடு இருக்கின்றன. நகரும் சுருள் வகையில் மட்டும் மீட்டரை வைக்காதீர்கள், அந்த மெல்லிய சுருளுக்கு அது ஆகாது. இரண்டு பக்கமும் ஒன்றுமே காட்டாவிட்டால் செராமிக்காக இருக்கலாம், மலிவுப் பிளேயர்களில் வருவது, இசைத்தட்டின் மேல் ஐந்தாறு கிராம் அழுத்தும். நல்ல காந்த வகைகளுக்கு ஒன்றிலிருந்து மூன்று கிராம் போதும். இசைத்தட்டுகளின் ஆயுள் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இனி எல்லோரும் கேட்கிற கேள்வி: எவ்வளவு போகும்? என் மச்சான் தினமும் கேட்கிறார். “மாப்ள, இணையத்துல இவ்வளவு போட்டிருக்கான்யா!” போட்டிருக்கிறான் சரி, வாங்கியது யார்? கேட்ட விலை வேறு, கைமாறிய விலை வேறு. விற்று முடிந்த பட்டியலைத் தனியாகப் பார்க்க வேண்டும், அதிலும் வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் பாதி ‘சர்வீஸ் செய்தது’ என்ற ஒரு சொல்லுக்கே. என்னுடையதில் பெயர்ப்பட்டை இல்லை, மூடி இல்லை, ஊசி இல்லை. அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவருக்கு இது பிடிக்காது. பாகத்துக்காக வாங்குகிறவருக்கு மோட்டார், தட்டு, பேரிங் மூன்றும் நன்றாக இருப்பதால் பிடிக்கும். பாட்டுக் கேட்க வேண்டும் என்கிறவருக்குக் கட்டைகள், ஊசி, வயர் செலவைக் கூட்டிப் பார்த்தால், அதே பணத்தில் கிடைக்கிற புது மலிவுப் பிளேயரைவிடப் பல மடங்கு மேல், ஆனால் இரண்டு மாதம் கை அழுக்காக வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்குக் கூலி போட்டுக் கணக்குப் பார்த்தால் நஷ்டம், சந்தேகமே இல்லை. நான் போடவில்லை.

கட்டைகள் போன வாரம் வந்தன. மாட்டியதும் கை அசையாமல் நிற்கிறது, பின்னால் எதிர் எடை மட்டும் இன்னும் கொஞ்சம் தொய்ந்து தொங்குகிறது, அதற்குள்ளும் ஏதோ ரப்பர் தளர்ந்திருக்கும், அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும். முழுசாகத் துடைத்துவிட்டேன். அடியில் உள்ள அந்தக் கிழிந்த ஸ்டிக்கரை மட்டும் ஸ்பிரிட் படாமல் சுற்றிச் சுற்றித் துடைத்து அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். மச்சான் யாரையாவது வாங்க அழைத்து வந்தால், கவிழ்த்துக் காட்டி, எந்த லாந்து என்று கேட்பதாக உத்தேசம். தட்டைத் தூக்கிப் பார்க்கலாமா என்று அவர் திருப்பிக் கேட்டால் மட்டும் விலை பேசலாம்.